பத்து வரி மட்டுமே மிஞ்சிய காலஸுக்கு இத்தனை பக்கம் பாட்டு எங்கிருந்து வந்தது?

வடக்குவீதி எழுதியது:

வணக்கம். லத்தீன் படிக்க ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது, வாத்தியார் யாரும் இல்லை, வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம் அகராதியோடு மல்லுக்கட்டுவதுதான் என் படிப்பு. அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரோமானியக் காதல் கவிஞர்களான காதுல்லஸ், திபுல்லஸ், புரோபெர்ட்டியஸ் மூவரையும் ஒரே கட்டாகப் போட்ட 16ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. புரோபெர்ட்டியஸ் முடிந்ததும் புத்தகம் முடிந்துவிடும் என்று நினைத்தால் முடியவில்லை. "கொர்னேலியஸ் காலஸின் எஞ்சிய பகுதிகள்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே பக்கம் பக்கமாகப் பாட்டு. எண்ணிப் பார்த்தேன், அறுநூறு வரிக்கு மேல் போகிறது.

நான் படித்த வரையில் காலஸும் அவர்களைப் போல ஒரு ரோமானியக் காதல் கவிஞர், ஆனால் அவர் பாட்டெல்லாம் தொலைந்துபோயின, கையில் இருப்பது மொத்தம் பத்து வரி. அப்படியென்றால் இது யார் பாட்டு? பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. புரிந்த வரைக்கும் ஒரு கிழவர் உட்கார்ந்து புலம்புகிறார்: சாவே சீக்கிரம் வா, முடி போச்சு, பல் போச்சு, பெண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நடுவே லிகோரிஸ் என்ற பெயரும் வருகிறது, அது காலஸின் காதலி பெயர்தானே? அதனால்தான் குழப்பம். பத்து வரி என்று சொன்னவர்கள் தவறா, இந்தப் புத்தகம் தவறா?

ஏட்டுப்பூச்சி எழுதியது:

புத்தகம்தான் தவறு. ஆனால் ரொம்ப மரியாதையான தவறு, முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கங்களில் குந்தியிருந்தது.

நீங்கள் படித்துக்கொண்டிருப்பது மாக்ஸிமியானஸ். கி.பி. 6ஆம் நூற்றாண்டு ஆள். இன்றைய பதிப்புகளில் ஆறு எலிஜிகள் (ஈரடி ஈரடியாக ஓடும் பாட்டுகள்), 686 வரி, நீங்கள் எண்ணியது சரியாகவே இருக்கும். காலஸுக்கும் இவருக்கும் நடுவில் ஐந்நூறு வருடத்துக்கும் மேல் இடைவெளி. காலஸ் ரோமானியப் பெருங்கவிஞர் வெர்ஜிலின் நண்பர், எகிப்தை ரோமாபுரி பிடித்ததும் அதன் முதல் ஆளுநராக கி.மு. 30இல் போனவர், அங்கே அதிகார போதை தலைக்கேறி, தன் பெருமையைக் கல்லெல்லாம் வெட்டிவைத்து, அகஸ்டஸின் கோபத்துக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்றை ஒட்டி. பல் போச்சு முடி போச்சு என்று அறுநூறு வரி புலம்ப அவருக்கு எங்கே நேரம் இருந்தது? இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே போதும்.

அதோடு, மூன்றாவது எலிஜியை இன்றைய பதிப்பில் பாருங்கள். இளவயதுக் காதல் கதை அது, அக்விலினா என்ற பெண். அதில் இவருக்குப் புத்தி சொல்ல வருகிறவர் பொயேத்தியஸ், ஆமாம், சிறையிலிருந்து தத்துவம் எழுதி 524ஐ ஒட்டிக் கொல்லப்பட்ட அதே பொயேத்தியஸ். காலஸ் அவரைச் சந்திக்க வழியே இல்லை.

இதற்குக் காரணமானவர் பொம்பொனியோ கௌரிக்கோ. நேப்பிள்ஸ் பக்கத்து ஆள், அப்போது இருபது வயதைச் சுற்றி இருப்பார். வெனிஸில் இந்தப் பாட்டுகளை "காலஸின் எஞ்சிய பகுதிகள்" என்று அச்சுக்குக் கொடுத்தார். சில பட்டியல்களில் 1501 என்றும் சிலவற்றில் 1502 என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம், வெனிஸ்காரர்களுக்கு அப்போது வருடப் பிறப்பு மார்ச் 1. ஜனவரியில் அச்சடித்தால் அவர்கள் கணக்கில் பழைய வருடம், நம் கணக்கில் புது வருடம்.

சரி, தெரியாமல் செய்தாரா என்றால், இல்லை என்பதுதான் என் கருத்து. நான்காவது எலிஜியில் கவிஞர் தன் பெயரைத் தானே சொல்கிற ஓர் ஈரடி உண்டு. கௌரிக்கோ பதிப்பில் அது காணாமல் போயிருக்கிறது. மற்றதெல்லாம் பத்திரமாக இருக்க, பெயர் இருந்த ஈரடி மட்டும் காற்றில் பறந்துபோகுமா?

வடக்குவீதி எழுதியது:

அடேங்கப்பா. நன்றி ஐயா. ஆனால் எனக்கு இன்னொன்று புரியவில்லை. அந்தக் காலத்தில் இத்தாலியில் தெருவுக்கு நாலு லத்தீன் பண்டிதர் இருந்திருப்பார்கள். அகராதியோடு தடுமாறும் என்னைப்போல் இல்லையே அவர்கள். எப்படி நம்பினார்கள்?

பழையதாள் எழுதியது:

ஏட்டுப்பூச்சி அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் "ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும்" என்பது இன்றிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது வருகிற தெனாவட்டு. 1502இல் உட்கார்ந்து பாருங்கள்.

ரோமானியக் காதல் எலிஜி என்றால் காலஸ், திபுல்லஸ், புரோபெர்ட்டியஸ், ஓவிட் என்று நான்கு பேரைச் சொல்லி வைத்துவிட்டார் ரோமானியப் பேச்சுக்கலை வாத்தியார் குவின்டிலியன். மூன்று பேர் கையில் இருக்கிறார்கள். முதல் ஆளைக் காணோம். காலஸ் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இருந்ததெல்லாம் வெர்ஜிலின் பத்தாவது எக்லோக் (இடையர் பாட்டு), அதில் லிகோரிஸ் இவரை விட்டுவிட்டு வேறொருவனோடு ஆல்ப்ஸ் பனிக்கும் ரைன் நதிக்கரைக்கும் போய்விடுகிறாள், இவர் உருகுகிறார். இப்போது மாக்ஸிமியானஸின் இரண்டாவது எலிஜியைத் திறந்தால் என்ன? பல வருடம் கூடவே வாழ்ந்த லிகோரிஸ், கிழவனாகிவிட்டாய் என்று இவரை ஒதுக்கிவிட்டு இளைஞர்களைத் தேடிப் போகிறாள். அதே பெயர், அதே கைவிடல். ஐந்தாவது எலிஜியில் தூது வேலையாகக் கிழக்கே போன கதை வருகிறது, நம்ப ஆசைப்படுகிறவருக்கு எகிப்து ஞாபகம் வராதா? மாக்ஸிமியானஸ் பழைய எலிஜிக்காரர்களின் மேல் மோகம் கொண்டுதான் அந்தப் பெயரை எடுத்திருப்பார் என்று நமக்குத் தெரிகிறது. அவர்கள் அதையே கையெழுத்தாகப் படித்துவிட்டார்கள்.

வியாபாரமும் இருக்கிறது. மூவர் தொகுப்பு 1472இலேயே வெனிஸில் வந்துவிட்டது, அப்புறம் எல்லோரும் அதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நான்காமவரும் உள்ளே இருக்கிறார் என்று தலைப்புப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதாதா? உங்கள் ஸ்கேன் அந்த வகைதான்.

கொஞ்சம் வேடிக்கையான விஷயம், மாக்ஸிமியானஸ் ஒன்றும் யாரும் அறியாத ஆள் இல்லை. இடைக்காலப் பள்ளிக்கூடங்களில் பையன்களுக்குப் பாடமாகவே வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் படுக்கையறையில் தன் உடம்பு ஒத்துழைக்காததைப் பற்றி எழுதியதைப் பத்து வயதுப் பையன்களுக்கு இலக்கணப் பாடமாக! வில்தியூவின் அலெக்ஸாண்டர் 1199இல் செய்யுளிலேயே ஓர் இலக்கணம் எழுதியபோது, மாக்ஸிமியானஸின் குப்பைகளுக்குப் பதிலாக இனி பையன்கள் இதைப் படிக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். 1470களில் நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் சொந்தப் பெயரில் அச்சும் ஆகிவிட்டது. ஆக, கௌரிக்கோ எடுத்தது புதையல் அல்ல, பழைய பாடப்புத்தகம். அதே சரக்கு "மாக்ஸிமியானஸ்" என்ற பெயரில் பள்ளிக்கூட வாடை அடித்தது, "காலஸ்" என்ற பெயரில் பொன்னாக மின்னியது.

கரிசல்காடு எழுதியது:

இது காலஸோடு நிற்கிற விஷயம் இல்லை. அந்தக் கால அச்சுப் புத்தகங்களில் பெரிய பெயரின் வால் நீண்டுகொண்டே போகும். வெர்ஜிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1469ஐ ஒட்டி ரோமில் வந்த முதல் அச்சிலிருந்தே கொசுவைப் பற்றிய பாட்டு, சத்திரக்காரியைப் பற்றிய பாட்டு என்று சில்லறைப் பாட்டுகள் கூடவே வந்தன. அதற்குக் காரணமும் இருந்தது, பழைய வெர்ஜில் வாழ்க்கை வரலாற்றிலேயே இளமையில் எழுதியவை என்று ஒரு பட்டியல் உண்டு, கொசுப் பாட்டை ரோமானியக் கவிஞர் மார்ஷியலும் வெர்ஜிலுடையதாகவே சொல்கிறார். பட்டியலில் பெயர் இருக்கிறது, கையில் ஒரு பாட்டு இருக்கிறது, இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருக்க எந்தப் பதிப்பாசிரியருக்கு மனசு வரும்? 1573இல் ஸ்காலிஜர் என்ற பண்டிதர் தனியாகத் தொகுத்து "பிற்சேர்க்கை" என்று பெயர் வைத்தார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தக் கும்பலுக்குள்ளே ரோஜாப்பூக்கள் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அழகான பாட்டு, "பெண்ணே, பூவும் புதிது, உன் பருவமும் புதிது, இருக்கும்போதே ரோஜாக்களைப் பறித்துக்கொள், உன் காலமும் இப்படித்தான் ஓடுகிறது" என்று முடியும். பிற்பாடு ஐரோப்பா முழுக்கக் காதல் கவிஞர்கள் இதையே மாற்றி மாற்றிப் பாடினார்கள். முதலில் வெர்ஜில் என்று அச்சடித்தார்கள். 1511இல் பாரிஸ் நகரில் இத்தாலியப் பண்டிதர் அலெயாந்திரோ இது 4ஆம் நூற்றாண்டு போர்தோ வாத்தியார் ஔசோனியஸுடையது என்றார். இன்றைக்கு அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டு என்னவோ கவலைப்படாமல் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது சபினஸ் கதை. ஓவிட் புராணப் பெண்கள் எழுதுவதாகக் கடிதப் பாட்டுகள் எழுதினார் அல்லவா, அவற்றுக்கு ஆண்கள் தரப்புப் பதில்களை என் நண்பன் சபினஸ் எழுதியிருக்கிறான் என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். நண்பன் எழுதியது தொலைந்துபோனது. 15ஆம் நூற்றாண்டில் அஞ்செலோ சபினோ என்ற பண்டிதர் தமாஷுக்கு மூன்று பதில் கடிதங்கள் எழுதினார், தன்னுடையது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லவும் செய்தார். ஓவிடின் புத்தகத்தோடு சேர்த்து அச்சடித்தார்கள், "அ. சபினஸ்" என்று சுருக்கிப் போட்டார்கள். அவ்வளவுதான், அந்த "அ" அஞ்செலோ இல்லை, அவுலுஸ் என்று யாரோ விரித்துவிட, ஓவிடின் நண்பருக்குப் புதிதாக ஒரு முதற்பெயரும் கிடைத்துவிட்டது. 1567இல் லண்டனில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அவுலுஸ் சபினஸ் என்றே போட்டார்கள். ஏமாற்றியவர் யாருமில்லை, ஓர் எழுத்து ஏமாற்றிவிட்டது. இதில் கண்டுபிடிக்கத் தடயமும் இருந்தது. நண்பன் எழுதியவை என்று ஓவிட் கொடுத்த பட்டியலில் ட்ராய் இளவரசன் பாரிஸின் பதில் கிடையாது, இந்த மூன்றில் ஒன்று பாரிஸ் எழுதுவது!

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லோரும் கௌரிக்கோவைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாமல் தீர்ப்பு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த ஈரடியை அவர் எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். இது காலஸ்தான் என்று மனதார நம்புகிற ஒருவன் நடுவில் "மாக்ஸிமியானஸ்" என்ற பெயரைப் பார்த்தால் என்ன நினைப்பான்? எவனோ ஏடு எழுதியவன் தன் பெயரைச் செருகிவிட்டான் என்றுதானே? இடைச்செருகல் என்று நினைத்ததை நீக்குவது அன்றைய பதிப்பாசிரியர்கள் வெளிப்படையாகச் செய்த வேலை, இன்றைக்கும் செய்கிறார்கள். நம்பிக்கை முதலில் வந்துவிட்டால் சாட்சியம் எல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி வளைந்துகொடுக்கும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் ஏமாற்றுக்காரர் என்பதற்கு அந்த ஈரடி ஒன்று போதாது.

இன்னொன்று. பழைய அச்சில் மட்டும் இருக்கிறது, ஏட்டில் இல்லை, ஆகவே போலி என்று போகிற போக்கில் சொல்லிவிடவும் கூடாது. பாரிஸ் ஹெலனுக்கு எழுதும் ஓவிடின் கடிதத்தில் 106 வரிகள் 1477இல் பார்மாவில் அச்சான பதிப்பில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. அதற்கு மூலமாக இருந்த ஏடு எது, எங்கே போயிற்று, ஒன்றும் கிடையாது. ரொம்ப நாள் இதையும் யாரோ இத்தாலியப் பண்டிதர் இட்டுக்கட்டியது என்று சந்தேகப்பட்டார்கள். கென்னி போன்ற இன்றைய ஓவிட் அறிஞர்கள் ஓவிடுடையது என்றே ஏற்கிறார்கள். அச்சுக்காரன் கையில் இருந்த ஏடு வேலை முடிந்ததும் என்ன ஆகும் தெரியுமா? மை பட்டு, குறி போட்டு, கிழிந்து, கடைசியில் இன்னொரு புத்தகத்துக்கு அட்டையாகிவிடும். நல்ல சாட்சியும் அப்படித்தான் போனது, கெட்ட சாட்சியும் அப்படித்தான் போனது.

ஏட்டுப்பூச்சி எழுதியது:

வக்கீல் ஐயா, பார்மா வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கௌரிக்கோ விஷயத்தில் ஏடுகள் தொலையவில்லையே. மாக்ஸிமியானஸ் ஏடுகள் நிறைய இருக்கின்றன, 11ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்று ஈட்டன் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. உத்ரெக்ட்டில் அச்சாகியும் இருந்தது. இடைச்செருகல் என்று நினைத்திருந்தால், "இங்கே ஒரு பெயர் இருந்தது, நீக்கிவிட்டேன்" என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே?

வேறொன்றும் ஞாபகம் வருகிறது, வாதத்துக்காக இல்லை, சும்மா. இவருடைய அண்ணன் லூகா கௌரிக்கோ பெரிய ஜோதிடர். அவர் மார்ட்டின் லூதருக்குக் கணித்த ஜாதகத்தில் பிறந்த தேதியை 1484 அக்டோபர் 22 என்று போட்டிருக்கிறார். லூதர் தன் பிறந்தநாளாகக் கொண்டாடியது நவம்பர் 10. அக்டோபர் தேதியில் கிரகங்கள் ஒரு மதவிரோதிக்குத் தோதாக நின்றன, அதனால் அந்தத் தேதி. ஒருவர் ஆளுக்கு ஏற்ற பாட்டைப் பிடித்தார், ஒருவர் பலனுக்கு ஏற்ற தேதியைப் பிடித்தார். பொம்பொனியோ கடைசியில் 1530ஐ ஒட்டி சொரெந்தோவிலிருந்து போகும் வழியில் காணாமலே போய்விட்டார், என்ன ஆனார் என்று தெரியாது.

சோழி எழுதியது:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், ஆனால் பொய்ப் பெயர்ப் பட்டியல் போட்டுவிட்டு "கிழவி" பாட்டை விட்டுவிட்டீர்களே! ஓவிட் எழுதியதாகச் சொல்லப்பட்ட மூன்று காண்ட நூல், 13ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஓவிடின் கல்லறையில் தந்தப் பேழைக்குள் கிடைத்தது என்று முன்னுரையே கதை விடும். முடிவில் ஓவிட் கன்னி வயிற்றில் ஒரு தேவன் பிறப்பான் என்று ஆரூடம் சொல்லி ஏறக்குறைய ஞானஸ்நானம் வாங்கிவிடுவார். 13ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ரோஜர் பேக்கன் நம்பி மேற்கோள் காட்டினார். 14ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் நம்பவில்லை. அவர் நம்பாமல் நூறு வருடம் கழித்து, 1470களில் கொலோனில் ஓவிட் பெயரிலேயே அச்சடித்தார்கள் பாருங்கள்.

நான் கணக்கு ஆசிரியை, அதனால் எனக்கு அந்த நூல் மேல் தனிப் பாசம். சூதாட்டத்தைத் திட்டுகிற இடத்தில் மூன்று பகடை உருட்டினால் 56 விதச் சேர்க்கை, ஆனால் வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் 216 விதம், அதனால் எல்லாக் கூட்டுத்தொகையும் ஒரே அளவில் விழாது என்று செய்யுளில் விளக்கியிருப்பார் அந்தப் பெயர் தெரியாத ஆள். நிகழ்தகவுக் கணக்கு பிறப்பதற்கு நானூறு வருடம் முன்னால்! சொந்தப் பெயர் போட்டிருந்தால் கணித வரலாற்றில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கும், ஓவிட் பெயரைப் போட்டதால் போலிகள் வரிசையில் நிற்கிறார்.

பழையதாள் எழுதியது:

சோழி மேடம், அருமை. வடக்குவீதி தம்பிக்கு ஒரு பின்னிணைப்பு: உண்மையான காலஸ் பத்து வரி என்றீர்களே, அதில் ஒன்பது வரி வந்ததே அண்மையில்தான். ஒரு நதியைப் பற்றிய ஒற்றை வரி மட்டும் பழைய நூல் ஒன்றில் மேற்கோளாகத் தப்பியிருந்தது. 1978இல் எகிப்தின் தெற்கே கஸ்ர் இப்ரிம் கோட்டைக் குப்பையைக் கிளறியபோது ஒரு பாப்பிரஸ் துண்டு, அடுத்த வருடம் அச்சில் வந்தது. முதல் வரியே லிகோரிஸைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது, உன் ஒழுக்கக்கேட்டால் வந்த துயரம் என்று. எழுத்தைப் பார்த்தால் காலஸ் வாழ்ந்த காலத்திலோ அதை ஒட்டியோ எழுதின துண்டு. அவர் ஆண்ட நாட்டின் எல்லைக் கோட்டையிலேயே கிடைத்திருக்கிறது.

பாவம் மொந்தேன், 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரைக்காரர். அவருடைய கட்டுரைகளில் முதுமை பற்றி வரும் லத்தீன் வரிகளில் சில நம் மாக்ஸிமியானஸுடையவை. இன்றைய பதிப்புகளில் அடிக்குறிப்பில் "போலிக் காலஸ்" என்று போட்டிருப்பார்கள்.

வடக்குவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி தூக்கம் போச்சு.

ஏட்டுப்பூச்சி ஐயா சொன்ன ஈரடியைத் தேடினேன். முதலில் இன்றைய பதிப்பில் நான்காவது எலிஜி, கேன்டிடா என்ற பெண், பாடுவாள், ஆடுவாள், இவர் அவள் நினைப்பிலேயே தன்னையறியாமல் உளறுகிறார், அப்போது பக்கத்தில் இருப்பவன் எவனோ சொல்கிறான்: "காந்தாத், காந்தாந்தெம் மாக்ஸிமியானுஸ் அமாத்." அவள் பாடுகிறாள், பாடுகிறவளை மாக்ஸிமியானஸ் காதலிக்கிறான். அகராதி இல்லாமல் எனக்குப் புரிந்த முதல் வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஸ்கேனைத் திறந்து அதே இடத்தை விரலால் வரி வரியாக ஒப்பிட்டேன். கேன்டிடா இருக்கிறாள், பாட்டு இருக்கிறது, அதற்கு முந்தைய ஈரடி இருக்கிறது, பிந்தைய ஈரடி இருக்கிறது. அது மட்டும் இல்லை. தாளில் இடைவெளிகூட விடவில்லை, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த வரி தொடர்கிறது.

ஓரத்தில் மட்டும் பழைய பழுப்பு மையில் யாரோ கையால் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். எதற்கென்று எழுதவில்லை. தாளில் வேறெங்கும் அப்படிக் கோடு இல்லை, பார்த்துவிட்டேன்.